ஷெல்லில் குத்திய சுரம்: டிரம் தயாரிப்பில் சுருதிப் பொருத்தம் குறித்த ஓர் ஐயம்

கலிபோர்னியா மாநிலத்தின் ஆக்ஸ்னார்டில் உள்ள 'டிரம் வொர்க்‌ஷாப்' நிறுவனத்தின் டாம் டிரம் ஒன்றைக் கழற்றினால், ஷெல் எனும் அதன் மர உருளையின் உட்புறத்தில் ஒரு சுரத்தின் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருப்பதைக் காணலாம். 1972இல் டான் லொம்பார்டி தொடங்கிய இந்நிறுவனத்தில், வெறும் ஷெல்களைத் தட்டிக் கேட்டு, தமக்குள் இசைவான இடைவெளி கொண்டவற்றை ஒரே செட்டில் சேர்க்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஜான் குட். 'டிம்பர் மேட்சிங்' என்பது அதன் விற்பனைப் பெயர். ஷெல்லுக்கென்று ஒரு சுரம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஹெட் எனும் சவ்வைப் பூட்டி வாசிக்கும்போது அந்தச் சுரம் காதுக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி. சொல்லப்படும் அளவுக்கு எட்டுவதில்லை என்பதும், அந்த முத்திரையைத் தயாரிப்புச் சீர்மையின் பதிவாக மட்டுமே கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தட்டும்போது ஒலிப்பது எது? எதுவும் பூட்டாத ஷெல்லை விரல் நுனியில் தொங்கவிட்டு முட்டியால் தட்டினால், அதன் வட்டம் ஒரு கணம் ஒருபுறமாக நீண்டு, மறுகணம் அதற்குக் குறுக்காக நீண்டு அதிர்கிறது. இவ்வகை அதிர்வின் கணிதத்தை ரேலி பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். அதிர்வெண் தடிமனுக்கு நேர்விகிதத்தில் கூடும். விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். மரத்தின் விறைப்பை அடர்த்தியால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தும் மாறும். ஷெல்லின் ஆழத்துக்கு இதில் அநேகமாக வேலையே இல்லை.

இந்த வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தால் சுவையான ஒன்று தெரிகிறது. மரமும் தடிமனும் ஒன்றாக இருக்கும்போது, 10 அங்குல ஷெல்லிலிருந்து 12 அங்குலத்துக்கு வந்தால் சுரம் ஆறு அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாக இறங்குகிறது. 12இலிருந்து 14க்கு ஐந்தேகால். 14இலிருந்து 16க்கு நாலரை. டாம்களின் இறங்குவரிசையை யாரும் காதால் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை, அங்குலக்கோலே கொடுத்துவிடுகிறது. காதுக்கு மிஞ்சுவது ஓரிரு அரைச்சுர ஏற்றத்தாழ்வுதான். அது எங்கிருந்து வருகிறது? 6 மில்லிமீட்டர் ஷெல்லை உப்புத்தாளால் தேய்க்கையில் கால் மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விட்டால், அரைச்சுரத்தில் முக்கால் பங்கு இறங்கிவிடும். வெனீர் ஏடுகள் சேரும் மூட்டு இருப்பதால் ஷெல் சுற்றிலும் ஒரே சீராகவும் இருப்பதில்லை. ஆகவே தட்டும் இடத்தை 45 பாகை தள்ளினால் சற்றே வேறான சுரம் கேட்கக்கூடும். இரண்டில் எதை முத்திரையாகக் குத்துவது?

குத்திய பிறகுதான் ஷெல் டிரம்மாகிறது. துளையிட்டு, லக்கு எனும் உலோகப் பிடிகளைத் திருகி, இரு விளிம்பிலும் ஹெட்டை வைத்து, வளையம் போட்டு இறுக்குகிறார்கள். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள 12 அங்குல பிளாஸ்டிக் ஹெட் ஒன்று 150 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்க வேண்டுமானால், சுற்றளவு முழுவதும் சேர்த்து நூறு கிலோ எடைக்கு மேல் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த இறுக்கத்துக்குள்ளும் லக்குகளின் உலோகப் பளுவுக்குள்ளும் அகப்பட்ட ஷெல்லை, தொங்கவிட்டுத் தட்டிய ஷெல்லாகவே எண்ணுவதற்கு இடமில்லை.

இன்னும் அடிப்படையான தடை ஒன்று உண்டு. ஹெட்டின் முதல் அதிர்வில் சவ்வு முழுவதும் ஒன்றாக மேலெழுந்து ஒன்றாகத் தாழ்கிறது. விளிம்பை எல்லாப் பக்கமும் சமமாகவே இழுக்கிறது. ஷெல்லின் நீள்வட்ட அதிர்வோ ஒரு பக்கம் உள்ளே வரும்போது அடுத்த பக்கம் வெளியே போவது. சமமான இழுப்பு அதைக் கிளப்புவதில்லை. சவ்வைக் குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள் பிரிக்கும் அதிர்வுக்கே ஷெல்லோடு நேர் உறவு. இலட்சிய சவ்வில் அதன் அதிர்வெண் முதலதைப்போல் 2.14 மடங்கு. ஆக, ஷெல் ஏதேனும் செய்தாலும் மேற்சுரங்களின் தேய்மானத்தில் செய்யும். டிரம்மின் சுருதியில் அதற்குக் கை இல்லை. ஐயமிருந்தால் ரெமோ நிறுவனத்தின் ரோட்டோ டாமைப் பார்க்கலாம். அதற்கு ஷெல்லே கிடையாது. சட்டத்தைத் திருகினால் சுருதி ஏறுகிறது, இறங்குகிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியாக இராது. மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஏன் இசையொழுங்கில் அமைகின்றன என்பதற்கு சி.வி. ராமன் 1934இல் விரிவாக எழுதிய விளக்கத்தில் நாயகம் பலாக்கட்டை அன்று, வலந்தலையின் நடுவில் சோறும் கல்பொடியும் சேர்த்து ஏற்றிய கரணை. ஹெச்சு சுருதிக்கு ஒரு கட்டை, தக்கு சுருதிக்கு வேறு கட்டை என்று நம்மவர்களும் பிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு நீளத்தையும் வாயகலத்தையும் வைத்தது. சுருதி சேர்வது வாரிலும் கரணையிலும்.

தயாரிப்பு முறைகளைப் பற்றிய பெருமைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வெளி ஏடுகளின் மர இழையைச் செங்குத்தாக ஓட்டினால் ஷெல் சுற்றுவாக்கில் எளிதாக வளையும், தட்டுச் சுரம் இறங்கும். 'வெர்டிகல் லோ டிம்பர்' என டிரம் வொர்க்‌ஷாப் விற்பது இதைத்தான். இயற்பியல் சரி. அந்த இறக்கம் பார்வையாளர் இருக்கை வரை போகிறது என்பதற்குத்தான் சான்று வேண்டும். ஒற்றைப் பலகையை ஆவியில் வளைக்கும் ஜானி கிராவியாட்டோவின் முறையைக் கைத்திறனாக நான் மதிக்கிறேன். ஒலிக்கான நிரூபணமாக ஏற்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் கெல்லர் நிறுவனம் பல பிராண்டுகளுக்கு ஷெல் செய்து கொடுத்தது, டிரம் வொர்க்‌ஷாப்புக்கும் ஒரு காலத்தில் கொடுத்தது. ஒரே தொழிற்சாலை ஷெல்லுக்கு ஒவ்வொரு பெயர்ப்பலகையும் ஒவ்வொரு 'தனித்த நாதம்' பேசியது என்பது இத்துறையின் சங்கடமான உண்மை. மரமே இல்லாத லட்விக் விஸ்டாலைட் அக்ரிலிக் செட்டை வைத்துத்தான் ராக் டிரம்மர் ஜான் பான்ஹம் 1973இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தார். அந்த ஒலியில் மரம் குறைகிறது என்று யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

பழுத்த வாத்தியக்காரர்கள் வித்தியாசம் கேட்பதாகச் சொல்கிறார்களே என்ற மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கேட்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் விலை உயர்ந்த செட்டில் ஷெல் மட்டும் மாறுவதில்லை: விளிம்பு துல்லியமாகச் சீவப்பட்டிருக்கிறது, ஹெட் புதியது, டாமைத் தாங்கும் பிடி அதிர்வை விழுங்காத வகையில் அமைந்திருக்கிறது. விளிம்பு 45 பாகையில் கூராக நிற்கிறதா, உருண்டு ஹெட்டை அகலமாகத் தொடுகிறதா என்பது ஒலி நீடிப்பை நேரடியாகவே பாதிக்கும். இத்தனையும் சேர்ந்து வந்ததை உள்ளே குத்திய ஒரு சுரத்தின் கணக்கில் வரவு வைப்பது முறையாகாது. பொருத்திய ஷெல்கள் அடர்த்தியிலும் தடிமனிலும் நெருங்கியவை என்ற அளவில் அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு. அது தரக்கட்டுப்பாடு, நல்ல காரியம்.

இதைத் தீர்க்கும் சோதனை கடினமானதும் அன்று. ஒரே விட்டம், ஒரே ஆழம், ஒரே விளிம்பு, ஆனால் தட்டுச் சுரத்தில் ஒரு முழுச்சுரம் வேறுபடும் இரண்டு ஷெல்களுக்கு ஒரே வகை ஹெட்டைப் பூட்டி, இழுவிசையை அளந்து சமமாக்கி, எது எது என்று அறியாதவர்களிடம் கேட்கவிட வேண்டும். அந்த முடிவை வெளியிட வேண்டிய பொறுப்பு விற்பவர்களுடையது. அதுவரை சுரத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஷெல்லின் தடிமன், எடை, விளிம்பின் கோணம் ஆகிய மூன்றையும் அவர்கள் குத்தித் தரட்டும். வாங்குகிறவருக்கு அவைதாம் பயன்படும்.