ஒப்புதல் வாக்குமூலமும் பொலிஸ் விசாரணையும்: ஒரு வரலாற்று நோக்கு

சமூக வரலாற்றை ஆராய விழைவோர் அரச ஆவணங்களையும் சட்டங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். எனினும், அவ்வாவணங்கள் எழுதாது விட்டவற்றைச் சில வேளைகளிற் கலைப்படைப்புகளே பதிவு செய்கின்றன. 2015ஆம் ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழாவிலே திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டிலே திரையரங்குகளுக்கு வந்த 'விசாரணை' என்னும் தமிழ்த் திரைப்படம் அத்தகையதொன்றாகும். வெற்றிமாறன் இயக்கிய இப்படம் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' என்னும் நூலைத் தழுவியது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவரான சந்திரகுமார், 1983இல் ஆந்திர மாநிலத்துக் குண்டூரிலே பொலிசாரிடம் அகப்பட்டுத் தாம் பட்ட துன்பத்தையே அந்நூலுக்குப் பொருளாக்கினார்.

படத்தின் கதை இரு பகுதிகளைக் கொண்டது. பிழைப்புத் தேடிக் குண்டூருக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் நால்வர், செல்வர் ஒருவரின் வீட்டில் நிகழ்ந்த களவை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்படுகின்றனர். அவர்கள் களவெடுக்கவில்லை என்பது பொலிசாருக்குத் தெரியும். ஆயின் வழக்கை முடிப்பதற்கு நால்வர் வேண்டும். நீதிமன்றத்திலே அவர்களது தமிழை நீதிபதிக்கு மொழிபெயர்த்து விடுதலைக்கு வழி செய்பவர் முத்துவேல் என்னும் தமிழ்நாட்டுப் பொலிஸ் அதிகாரி. பிற்பகுதியில் அந்த முத்துவேலின் பொலிஸ் நிலையத்திலேயே கணக்காய்வாளர் ஒருவர் காவலில் இறக்க, அதனைக் கண்ட சாட்சிகளாகிய அத்தொழிலாளரின் உயிரே வேண்டாதவொன்றாகி விடுகின்றது.

இப்படத்தைக் காண்போர் பலர் இதனைத் தீய பொலிசார் சிலரைப் பற்றிய கதையாகவே கொள்வர். ஆனால் முத்துவேல் தீயவரல்லர், இரக்கம் உள்ளவர், இருந்தும் அவரால் எவரையும் காக்க முடியவில்லை. எனவே பிழை தனிமனிதரின் குணத்தில் மாத்திரம் இல்லை என்பது பெறப்படும். புலனாய்வு செய்பவரின் சொல்லே குற்றத்துக்குச் சான்றாக ஏற்கப்படும்போது அப்புலனாய்வு கெட்டுவிடும் என்பதையும், இவ்வுண்மை நம் முன்னோர் காலத்திலேயே அறியப்பட்டுச் சட்டமாகவும் வகுக்கப்பட்டது என்பதையும், அச்சட்டம் தளர்த்தப்பட்டதன் விளைவை யாழ்ப்பாணக் குடாநாடு அனுபவித்தது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு சென்னை மாகாணத்தில் தொடங்குகின்றது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் வரி தண்டும் அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் பெரும்பாலும் ஒரே உத்தியோகத்தரிடம் இருந்தன. வரி கொடாதவனை வருத்திய கையே களவு செய்தவன் எனப்பட்டவனையும் வருத்தியது. இதுபற்றிய முறைப்பாடுகள் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை எட்டவே, எலியட், ஸ்டோக்ஸ், நோர்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டு, அதன் அறிக்கை 1855இல் வெளிவந்தது. குறுகிய காலத்துள் 1900க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் அதற்குக் கிடைத்தன. நேரில் வந்து சொன்னோருட் பலர் நெடுந்தூரம் நடந்து வந்த ஏழை மக்கள். விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' முதலிய தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையிலே அப்படியே இடம்பெற்றன. ஒரு மொழியின் சொற்கள் அந்நிய ஆட்சியாளரின் ஏட்டில் இவ்விதம் ஏறியமை நாம் பெருமை கொள்வதற்கு உரியதன்று; ஆயினும் அது வரலாற்றுச் சான்றாகும்.

இவ்வறிக்கையின் பின்னர் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவதாக, வருமான நிருவாகத்தினின்றும் பொலிஸ் பிரிக்கப்பட்டது. இரண்டாவதாக, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை வழக்கில் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் விதி 1861ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. அவ்விதியே 1872இல் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவாயிற்று. பொலிசார் வதையை நாடுவதற்குக் கொடுமை உள்ளம் மாத்திரமன்றிச் சோம்பலும் காரணமாகும் என்னும் அனுபவக் கருத்தை ஸ்டீபன் தமது குற்றவியற் சட்ட வரலாற்று நூலிலே குறித்துச் சென்றமை ஈண்டு நோக்கற்பாலது. தடயந் தேடி அலைவது கடினம். கையில் அகப்பட்டவனைப் பேச வைப்பது எளிது. எளிய வழியை அடைத்தாலன்றிக் கடினமான வழியில் எவரும் செல்லார் என்பதே 25ஆம் பிரிவின் உட்பொருள் எனலாம்.

இனி இலங்கையை நோக்குவோம். யாழ்ப்பாணக் கிராமங்களில் ஒழுங்கைப் பேணும் பொறுப்பு நெடுங்காலம் விதானையாரிடமும் உடையாரிடமும் மணியகாரரிடமுமே இருந்தது. நிருவாகமும் ஒழுங்குக் காப்பும் ஒருவர் கையிலேயே அமைந்திருந்த வகையில் இது பழைய சென்னை மாகாண முறையை ஒத்திருந்தது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் நவீன பொலிஸ் சேவைக்கு அடித்தளமிட்டது. அதற்குத் தலைமை தாங்க 1866இல் நியமிக்கப்பட்ட வில்லியம் றொபேட் கம்பெல் இந்தியாவிலே பொலிஸ் சேவையில் இருந்தவர். இவ்வாறே சட்டமும் இந்தியாவிலிருந்து வந்தது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஸ்டீபனின் சட்டத்தைப் பெரிதும் பின்பற்றியது. பிரிவு இலக்கங்கூட மாறவில்லை. சென்னை மாகாணத்து உழவரின் நெரிபட்ட விரல்களிலிருந்து பிறந்த பாதுகாப்பு, பாக்கு நீரிணையைக் கடந்து நமக்கும் கிடைத்தது.

இப்பாதுகாப்பு முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. அது முதன்முதல் பெரிதும் தளர்ந்தது தென்னிலங்கையிலே என்பதை மறத்தலாகாது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஈடுபட்டோரை விசாரிப்பதற்கென இயற்றப்பட்ட 1972ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம், பொலிசாரிடம் அளித்த ஒப்புதல்களையும் ஏற்க இடமளித்தது. அன்று அதனால் பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் சிங்கள இளைஞர்.

வடக்கில் நிலைமை வேறு வழியில் முற்றியது. 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்டபின் தமிழ் இளைஞர் பலர் கைதாகினர். இரகசியப் பொலிசைச் சேர்ந்த பரிசோதகர் பஸ்தியாம்பிள்ளை, கைதிகளை வதைப்பவர் என இளைஞரிடையே பெயர்பெற்றிருந்தார். 1978 ஏப்ரலில் அவரும் அவருடன் சென்றோரும் முருங்கன் பகுதியிலே கொல்லப்பட்டனர். அக்கொலைகளால் வதை ஒழியவில்லை. மாறாக அடுத்த மாதமே புலிகள் இயக்கத்தையும் அதையொத்த அமைப்புகளையும் தடைசெய்யும் சட்டம் வந்தது. 1979 ஜூலையில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதே மாதத்தில் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிறைவேறியது.

அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு ஒருவரை நீதிமன்ற விளக்கமின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்க அமைச்சருக்கு அதிகாரமளித்தது. 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக்கியது. அத்துடன் அமையாது, அவ்வாக்குமூலம் அச்சுறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பைக் கைதியின்மீதே சுமத்தியது. பூட்டிய அறைக்குள் தன்னை அடித்தவரைத் தவிர வேறு சாட்சியில்லாத ஒருவன் அதனை எவ்வாறு நிரூபிப்பான்? 'தற்காலிக ஏற்பாடுகள்' எனப் பெயரிட்டு வந்த இச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக் காலத்தைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்ததேயன்றி 16ஆம் பிரிவைத் தொடவில்லை.

இதன் நடைமுறைப் பயனைச் சிங்கராசா வழக்கு தெளிவாகக் காட்டும். யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய இராணுவ முகாம்கள்மீதான தாக்குதல்களில் தொடர்புடையவர் என, 1993இல் மட்டக்களப்புப் பகுதியிற் கைதான ஒருவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவருக்குச் சிங்களம் தெரியாது. வாக்குமூலமோ சிங்களத்தில் எழுதப்பட்டது. இடையில் நின்று மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரரே. கைதி இட்டது பெருவிரல் அடையாளம். இதனையே முக்கிய ஆதாரமாகக் கொண்டு 1995இல் ஐம்பதாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. நிரூபிக்கும் சுமையைக் கைதியின்மீது வைத்தமை நியாயமான விசாரணைக்கு மாறானது என ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் கண்டது. ஆயினும் 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் வழக்கை மீளத் திறக்க மறுத்தது. 'விசாரணை' படத்திலே தெலுங்கு அறியாதவர்க்கு மொழிபெயர்க்க நீதிமன்றத்தில் ஒரு முத்துவேல் வாய்த்தார். இங்கு அத்தகைய ஒருவரும் வாய்க்கவில்லை.

இந்தியாவிலும் இவ்விதி தளர்த்தப்பட்டபோது நிகழ்ந்தது இதுவே. 1987ஆம் ஆண்டின் தடா சட்டம் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்த ஒப்புதலை ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த மத்திய புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன், தாம் வாங்கிக் கொடுத்த மின்கலம் எதற்குப் பயன்படப் போகின்றது என்பது தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறிய பகுதியைத் தாம் எழுதாது விட்டதாகப் பல்லாண்டுகளின் பின் 2013இல் வெளிப்படுத்தினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதத்திலேயே. எழுதப்படாத ஒரு வாக்கியம் ஒரு மனிதனின் இளமை முழுவதையும் கொண்டு சென்றது. இவ்வதிகாரி அடித்தவராகக் கூறப்படவில்லை. கைதியின் சொல்லை எழுதும் பேனா அவர் கையில் இருந்தது, அவ்வளவே.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். சாட்சிகள் அஞ்சி வாய் திறவாத காலத்தில், ஆயுதக் குழுக்களை எதிர்கொள்ளும் அரசு வேறென்ன செய்யும் என்பர். சாட்சிகள் அஞ்சியமை உண்மையே. பொலிசாரும் கொல்லப்பட்டனர் என்பதும் உண்மையே. ஆயின் போர் முடிந்து, அஞ்சுவதற்கு அக்காரணம் அற்றுப்போன பின்னரும், சாதாரணக் குற்றங்களில் அதே பழக்கம் தொடர்வதை இம்மறுப்பு விளக்கமாட்டாது. 2011 நவம்பரிற் சுன்னாகம் பொலிசாரின் காவலில் இருந்த இளைஞர் ஒருவரின் உடல் இரணைமடுக் குளத்திலிருந்து மீட்கப்பட்டது. 2023 நவம்பரில், களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிசாராற் பிடிக்கப்பட்ட இளைஞர் ஒருவர் தாம் வதைக்கப்பட்ட விதத்தைக் கூறிவிட்டு இறந்தார். பொலிஸ் உத்தியோகத்தர் சிலர் கைதாகினர்.

25ஆம் பிரிவு நடைமுறையில் உள்ள களவு வழக்குகளிலே அடித்துப் பயன் யாது என வினவலாம். அதே கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதற்கு விடை தரும். கைதியின் கூற்றினால் ஒரு பொருள் கண்டெடுக்கப்படின், அக்கூற்றில் அப்பொருளைச் சார்ந்த பகுதியை ஏற்கலாம் என்பது அப்பிரிவு. 1855இன் பின் அடைத்த கதவில் விடப்பட்ட துவாரம் இது. அடித்துக் கேட்கப்படும் வினா "நீ எடுத்தாயா" என்பதிலிருந்து "எங்கே வைத்தாய்" என்பதாக மாறியதே வேறுபாடு.

புலனாய்வு கெடுவது அடிப்பதனால் மாத்திரமன்று. மறைப்பதனாலும் விடுவிப்பதனாலும் கெடும். 2016 ஒக்டோபர் 20ஆந் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். முதலில் அது வீதி விபத்து எனப்பட்டது. பொலிசாரின் துப்பாக்கிச் சூடே காரணம் என்பது மருத்துவப் பரிசோதனையாலேயே வெளிவந்தது. பொலிஸ் உத்தியோகத்தர் ஐவர் கைதாகினர். 2015 மேயில் புங்குடுதீவு மாணவி வித்தியா கொல்லப்பட்ட வழக்கிலோ, பொதுமக்கள் பிடித்துக் கொடுத்த முதன்மைச் சந்தேகநபர் தப்பிச் செல்ல இடமளிக்கப்பட்டது. அதற்கு உதவிய குற்றத்துக்காக வடமாகாணத்தின் முன்னாள் சிரேட்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் லலித் ஜயசிங்கவுக்கு 2025 ஓகஸ்டில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் நான்காண்டுக் கடூழியச் சிறை விதித்தது.

எனினும் அவ்வழக்கிலேயே மாற்று வழியும் புலப்படுகின்றது. 2017 செப்டெம்பர் 27ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் முன்னிலையிலே எழுவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மரணதண்டனை தகுமா என்பது வேறு விவாதம். குற்றம் நிரூபிக்கப்பட்டமை பொலிசாரிடம் அளித்த ஒப்புதலால் அன்று. நீதிமன்றில் வெளிப்படையாக விசாரிக்கப்பட்டுக் குறுக்கு வினாவுக்கும் உட்பட்ட சாட்சிகளால் என்பதே நாம் கருதவேண்டியது. கடினமான வழியிற் சென்றும் உண்மையை அடையலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே இது சான்றாயிற்று.

இதுகாறுங் கூறியவற்றால், நல்ல பொலிஸ்காரரை எதிர்பார்த்திருப்பது போதாது என்பது தெளிவாகும். நல்லவராயிருந்தும் முத்துவேலால் இயலவில்லை. நல்லவரும் தீயவரும் ஒரே பேனாவைப் பிடிக்கும் நிலையில், அப்பேனா எழுதுவதைச் சான்றாகக் கொள்ளாதிருப்பதே காவலாகும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எச்சட்டம் வரினும், அதன் பெயரையும் முகவுரையையும் விட்டு, பொலிசாரிடம் அளித்த ஒப்புதலை அது என் செய்கின்றது என்னும் ஒன்றையே நாம் முதலில் வாசித்தல் வேண்டும். 1855இல் நெடுவழி நடந்து வந்து தம் கைகளைக் காட்டிய அந்த ஏழை மக்கள் நமக்கு ஈட்டித் தந்த உரிமை அது. அதனை இழந்து நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பட்ட துன்பத்தின் பின்னும் அதன் அருமையை உணராதிருப்போமாயின், வரலாறு கற்றதன் பயன் யாது?