மாட்டு நாடாப்புழு

மாட்டு நாடாப்புழு (டீனியா சாஜினேட்டா) மனிதரின் சிறுகுடலில் முதிர்ந்து வாழும் தட்டைப்புழு ஒட்டுண்ணி. வெளிர் நிறமுடைய இது பொதுவாக 4 முதல் 10 மீட்டர் வரை வளரும். தலையில் நான்கு உறிஞ்சிகள் உண்டு. பன்றி நாடாப்புழுவுக்கு இருக்கும் கொக்கிகள் இல்லை. வாயும் குடலும் இல்லாததால் உடற்பரப்பின் வழியே உணவை உறிஞ்சுகிறது.

வாழ்க்கைச் சுழற்சி: உடல் 1,000 முதல் 2,000 கண்டங்களால் ஆனது. முட்டைகள் நிறைந்த கடைசிக் கண்டங்கள் கழன்று மலத்துடன் வெளியேறும். சில தாமாகவே நெளிந்து ஆசனவாய் வழியே வெளிவரும். மலம் கலந்த நிலத்தில் மேயும் மாடு முட்டைகளை விழுங்குகிறது. இளம் கரு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசையில் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய நீர்ப்பையாகத் தங்குகிறது. சரியாக வேகாத அந்த இறைச்சியை உண்பவரின் குடலில் 2–3 மாதங்களில் புழு முதிர்கிறது. ஜெர்மானிய விலங்கியலாளர் ருடால்ஃப் லூக்கார்ட் 1860களில் கன்றுகளுக்கு முட்டைகளை ஊட்டி மாட்டின் பங்கை மெய்ப்பித்தார்.

அறிகுறிகளும் மருத்துவமும்: பலருக்கு அறிகுறியே தெரியாது, சிலருக்கு வயிற்றுவலி, குமட்டல், எடை குறைதல் ஏற்படும். பச்சை மாட்டிறைச்சி உண்ணும் வழக்கமுள்ள எத்தியோப்பியாவில் இத்தொற்று மிகுதி. அங்கு கோசோ மரத்தின் பூக்கள் மரபு மருந்து. இன்று பிரசிகுவான்டெல் அல்லது நிக்லோசமைடு தரப்படுகிறது.

தடுப்பு: இறைச்சியை நன்கு வேகவைத்தல், இறைச்சிக்கூடப் பரிசோதனை, கழிப்பறைப் பயன்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் இச்சுழற்சியை அறுக்கலாம்.