நெப்டியூனும் எங்கள் வீட்டுத் தயிர்சாதமும்

இரண்டு மாதமாக எங்கள் நாய் பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "சாப்பாட்டு அலர்ஜியாக இருக்கலாம்" என்றார். வீட்டம்மாவுக்கு வந்ததே கோபம்! "நாலு வருஷமா தயிர்சாதம்தான் சாப்பிடுது. இத்தனை நாள் ஒத்துக்கிட்டது, இப்ப மட்டும் எப்படிங்க ஒத்துக்காம போகும்?"

நியாயமான கேள்விதான். பி.காம். படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான், நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு நாய் தன் உயிரைக் கொடுத்து இதற்குப் பதில் சொல்லியிருப்பது தெரிந்தது.

1901-ஆம் வருஷம். மொனாக்கோவை ஆண்ட முதலாம் ஆல்பர்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சியில் பித்து. அவருடைய கப்பலில் போன பிரெஞ்சு விஞ்ஞானிகள் சார்லஸ் ரிஷேவும் பால் போர்த்தியேவும் கடல் உயிர்களின் விஷத்தை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பியதும் கடல் அனிமோன் விஷத்தை நாய்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதில் ஒன்றின் பெயர் நெப்டியூன். நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசி அதை ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் கழித்து மறுபடியும் ஒரு சிறிய டோஸ். உடம்பு பழகியிருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? சில விநாடிகளில் மூச்சுத் திணறிச் சுருண்டு விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் உயிர் போய்விட்டது.

உடம்பு பழகவில்லை, பகையை ஞாபகம் வைத்திருந்தது. 1902-ல் ரிஷே இதற்கு 'அனஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்தார். பாதுகாப்புக்கு எதிர்ப்பதம் என்ற பொருளில். 1913-ல் அவருக்கு நோபல் பரிசு. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் தந்தவர் வியன்னா குழந்தை மருத்துவர் பிர்கே. 1911-ல் லண்டனில் லெனர்ட் நூன், மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டு மனிதர்களின் அலர்ஜியைத் தணிக்கலாம் என்று காட்டினார்.

சரி, நாய்க்கு? 1941-ல்தான் அமெரிக்க மருத்துவர் விட்டிச், ஒரு நாய்க்கு மகரந்த அலர்ஜி இருப்பதைப் பதிவு செய்து, அதே முறையில் வைத்தியமும் பார்த்தார். நாயிடம் வாங்கிய கடனில் முதல் தவணை திரும்ப 40 வருஷம்!

அந்த அறிவு இன்று நம் கையில் இருக்கிறது. நமக்குத் தும்மல் வருவதுபோல, நாய்க்கு அலர்ஜி பெரும்பாலும் தோலில்தான் தெரியும். பாதம் நக்குதல், காதில் அடிக்கடி சீழ், வயிற்றுப்பக்கம் சிவப்பு. முதலில் தெள்ளுப்பூச்சி, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அரித்தால் மகரந்தத்தைச் சந்தேகிக்கலாம். வருஷம் முழுக்க என்றால் தூசிப்பூச்சி அல்லது சாப்பாடு. 2016-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், உணவு அலர்ஜி இருந்த 297 நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சியும், 17 சதவீதத்துக்குப் பால் பொருட்களும், 15 சதவீதத்துக்குக் கோழியும் காரணம். முகம் திடீரென வீங்கி, வாந்தி எடுத்து, துவண்டால் மட்டும் தாமதிக்காதீர்கள், அது நெப்டியூனுக்கு வந்தது.

சாப்பாட்டு அலர்ஜியை உறுதி செய்ய நம்பகமான வழி ஒன்றுதான்: அதுவரை வாயில் வைக்காத உணவை மட்டும் 8 வாரம் கொடுத்து, பிறகு பழையதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது. நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் கணக்கு தப்பிவிடும்.

நாங்களும் 8 வாரம் இருந்தோம். நக்குவது நின்றது. ஒன்பதாவது வாரம் தயிர் கொடுத்தோம். நாலாம் நாள் மறுபடி பாதம் வாய்க்குப் போனது. வீட்டம்மா பேசாமல் தயிர்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நாலு வருஷம் ஆசையாகப் பிசைந்து போட்ட கையாயிற்றே. அவரிடம் நெப்டியூன் கதையைச் சொன்னேன். "பாவங்க அது" என்றார்.