நீலத் திரையும் ஒரு சிறு கவனயீனமும்



நாங்கள் கணனியில் பிரிண்டரைக் கொழுவியதும் அது வேலை செய்கிறதே, இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுப்பது ‘ட்ரைவர்’ என்ற மென்பொருள். சிறியதுதான். ஆனால் பெரும்பாலான ட்ரைவர்கள் இயங்குதளத்தின் மையமான ‘கேர்னல்’ உள்ளேயே ஓடுகின்றன. சாதாரண செயலி பிழைத்தால் அது மட்டும் மூடப்படும். கேர்னலுக்குள் ட்ரைவர் பிழைத்தால் முழுக் கணனியும் விழுந்துவிடும்.

1998 ஏப்ரல் 20இல், சிக்காகோ கொம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே அவரது உதவியாளர் விண்டோஸ் 98 ஓடிய கணனியில் ஒரு ஸ்கேனரைக் கொழுவினார். உடனே நீலத் திரை! சபை சிரித்தது.

ஆனால் விடயம் சிரிப்புக்குரியதல்ல. 2001இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் லினக்ஸைப் பரிசோதித்தபோது, ட்ரைவர்களில் பிழை வீதம் கேர்னலின் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகமாக இருந்தது.

காரணம் என்ன? எல்லாம் சரியாக நடக்கும் வழியைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம். கலியாணத்துக்குக் கதிரையும் சட்டி பானையும் வாடகைக்கு எடுத்த பிறகு மண்டபம் கிடைக்காவிட்டால், எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? ட்ரைவரும் அப்படித்தான். நினைவகம் உட்பட ஒவ்வொன்றாக எடுக்கும்போது இடையில் ஒன்று கிடைக்காவிட்டால், அதுவரை எடுத்ததைக் கடைசியிலிருந்து வரிசையாக விடுவிக்க வேண்டும். அந்த வரிகளில்தான் பிழைகள் ஒளிந்திருந்தன.

இதற்கு இரு தரப்பும் வழி தேடின. விண்டோஸ் 2000உடன் வந்த ‘ட்ரைவர் வெரிஃபயர்’, நினைவகம் இல்லை என்று வேண்டுமென்றே பொய் சொல்லி ட்ரைவரைச் சோதித்தது. 2007இல் லினக்ஸ், எடுத்தவற்றின் கணக்கைக் கேர்னலே வைத்திருந்து, ட்ரைவர் தொடங்கத் தவறினால் தானே விடுவிக்கும் வசதியைக் கொண்டுவந்தது.

அப்படியிருந்தும் 2024 ஜூலை 19 வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கேர்னல் ட்ரைவரிடம் இருந்தவை 20 உள்ளீடுகள். புதிதாக வந்த கோப்பு 21ஆவதையும் பார்க்கச் சொன்னது. அப்படியொன்று இருக்கிறதா என்று சரிபார்க்காமலே ட்ரைவர் வாசிக்கப் போனது. மைக்ரோசொப்ட் கணக்குப்படி 85 இலட்சம் கணனிகள் விழுந்தன. விமானங்கள் இரத்தாகின, வைத்தியசாலைகள் தடுமாறின. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் மீளப்பெறப்பட்டது. ஆனால் விழுந்த கணனிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

எங்கள் பிள்ளைகளும் இன்று நிரலாக்கம் படிக்கிறார்கள். சரியான விடை வந்ததும் புள்ளி போட்டுவிட்டு நகராமல், “இது கிடைக்காவிட்டால் உன் நிரல் என்ன செய்யும்?” என்றும் கேட்போம். நாளை ஒரு வைத்தியசாலைக் கணனி அவர்கள் எழுதிய வரியை நம்பி ஓடக்கூடும்.