பற்றற்றோர் பள்ளியில் நந்தா விளக்கு

திருகோணமலை நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தை அண்டிய காட்டுப்புறத்தில் இடிபாடுகளாய் நிற்கும் பழைய பௌத்த தலமொன்றை இப்பகுதித் தமிழ் மக்கள் நாதனார் கோயில் என வழங்குவர். சிங்கள மரபில் அது வெல்கம் விகாரை. இலங்கையிற் சோழராட்சி நிலவிய பதினோராம் நூற்றாண்டில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்னும் பெயரும் வழங்கிற்று. அங்குக் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள் விளக்கும் பசுவும் காசும் தானமளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று, ஆதித்தப் பேரரையன் என்பான் ஒரு நந்தா விளக்கும் 84 பசுக்களும் கொடுத்ததைச் சொல்கின்றது.

தமிழருள்ளும் பௌத்தர் இருந்தனர் என்பதற்கு இச்சாசனங்களைச் சான்று காட்டுவதோடு நம்மவர் பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அது மெய்யே. ஆயினும் அவை வேறொரு வினாவையும் எழுப்புகின்றன. ஆசையே துன்பத்துக்கு மூலம் என்று போதித்த சமயத்தின் துறவியர் வாழ்ந்த இடத்துக்குப் பசுநிரை எதற்கு? காசு எதற்கு?

விடை காண்பதற்கு முன், புத்தர் விலக்கிய ஆசை எத்தகையது என்பதைத் தெளிதல் வேண்டும். பாளிமொழி அதனைத் தண்ஹா என்னும். தாகம் என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் வேட்கை என்ற சொல் இதற்கு மிகப் பொருந்தும். நீர்வேட்கை என்பது நம் வழக்கன்றோ? நுகர்வினின்று வேட்கையும் வேட்கையினின்று பற்றும் தோன்றுமென மணிமேகலையும் கூறும். ஆகவே உண்பதும் உடுப்பதும் தம்மளவிற் குற்றமல்ல. நுகர்ந்ததை மீண்டும் மீண்டும் அவாவுதலும், 'எனது' எனப் பிடித்துக்கொள்ளுதலுமே குற்றம். இன்பத்தை நாடும் வேட்கை, என்றும் இருக்கவேண்டுமென்னும் வேட்கை என்பவற்றோடு இல்லாதொழிய விரும்பும் வேட்கையையும் மூன்றாவதாகப் புத்தர் எண்ணினார். உடலை ஒறுத்து வருத்துதலும் விடுதலைக்கு வழியன்று எனக் கண்டு அதனை அவர் கைவிட்டார். துறவு நெறி புகுந்த மணிமேகலைக்குக் கிடைத்தது உணவு வற்றாத அமுதசுரபி என்பதை மாணவர் ஈண்டு நினைவு கூர்க.

ஆயினும் உடைமை பற்றிய விதி கடுமையானது. தேரவாத பிக்குவுக்குரிய 227 விதிகளுள் பொன்னும் வெள்ளியும் ஏற்றலைத் தடுக்கும் விதியும் ஒன்று. அவ்விதியை மீறிப் பெற்ற பணத்தை, வேறு வழியின்றேல், எறிவதற்கென்றே ஒரு பிக்குவைச் சங்கம் நியமித்தல் வேண்டும்; அவர் அது விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் எறிதல் வேண்டும் என்கின்றது விநய நூல். மனித மனத்தை நன்கறிந்தவர் வகுத்த விதி அது! புத்தர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டின்பின் வைசாலியிற் கூடிய சங்கத்திலும் பொன் வெள்ளி ஏற்கலாமா என்பது பிணக்குக்குக் காரணமான பத்து விடயங்களுள் ஒன்றாயிருந்தது.

இவ்விதிக்கும் பெரும்பள்ளித் தானங்களுக்கும் இடையே பாலமாய் அமைந்தது, தனி ஒருவர்க்கும் சங்கத்துக்கும் இடையே செய்யப்பட்ட வேறுபாடு. பிக்குவுக்குச் சீவரம், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி முதலிய எட்டுப் பொருள்களே உரியன. பிறவெல்லாம் பள்ளிக்குரியன, அவற்றை இல்லறத்தாராகிய பணியாளர் பேணுவர். சோழர்காலக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடுதல் பெருவழக்கு. இடையர் அவற்றை ஏற்று நாள்தோறும் உழக்கு நெய் அளப்பர். இறந்தவற்றுக்குக் கன்றும் குட்டியும் ஈடாகி எண்ணிக்கை குறையாதிருக்குமாதலின் அவை 'சாவா மூவா' எனப்பட்டன. மூப்பும் சாக்காடும் எவரையும் விடாவெனப் போதித்த பள்ளியின் விளக்கையும் இத்தகைய ஏற்பாடே எரியவைத்திருத்தல் வேண்டும்.

இவ்வேற்பாட்டில் இடரும் இருந்தது. தனக்கென ஒன்றும் வேண்டாதவரும் தம் பள்ளிக்கென வேண்டத் தொடங்குவர். முதலாம் இராஜராஜன் காலத்தில், 1006ஆம் ஆண்டளவில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரே அளிக்கப்பட்டது. இலங்கையிற் பிற்காலத்தே விகாரை நிலங்கள் குருவினின்று சீடனுக்கும், சிலவிடத்து மாமனினின்று மருமகனுக்கும் சென்றன. விட்டுவந்த குடும்பம் வேறு வாயிலால் உள்ளே புகுந்தது. நம் மடங்களின் வழக்குகளை அறிந்தோர் இதற்கு வியவார். எனினும் தானத்தையே பழித்தல் என் கருத்தன்று. அது இல்லாதிருப்பின் பள்ளி இல்லை. பள்ளி இல்லாதிருப்பின், கல்விச்சாலைக்கு நாம் இன்று வழங்கும் அச்சொல்லும் நமக்குக் கிடைத்திராது.

கொடுத்தவரின் வேட்கை யாது? புண்ணியமும், கல்லில் நிற்கும் பெயருமாகலாம். அதனைப் பௌத்தம் இழிவாகக் கருதவில்லை. நம் மாவட்டத்தின் வடபால் திரியாயிலுள்ள பல்லவ கிரந்த எழுத்துச் சாசனம் திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகர் பெயரை அங்குள்ள சைத்தியத்தோடு இணைக்கின்றது. பௌத்த மரபில் இப்பெயருடைய இருவரே புத்தருக்கு முதன்முதல் மாவும் தேனும் அளித்த அடியார். அன்று சங்கம் என ஒன்று தோன்றவேயில்லை. துறவு கொள்ளுமாறு அவர்களை எவரும் கேட்கவுமில்லை. உணவளித்து வணங்கியபின் அவர்கள் தம் வண்டிகளைச் செலுத்திக்கொண்டு வாணிகத்துக்கே சென்றனர்.