ஆட்சி மாற்றமும் அரச கேள்விப்பத்திரங்களும்

ஆட்சி மாறும்போது அரசுக்குப் பொருள் வழங்குவோர் கலங்குவது காரணமின்றியல்ல. 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தத்தின் மூலம் உருவான தேசிய பெறுகை ஆணைக்குழு, 2020 இல் 20 ஆவது திருத்தத்தினால் ஒழிக்கப்பட்டு, 2022 இல் 21 ஆவது திருத்தத்தினால் மீண்டும் உயிர்பெற்றது. நடுவரையே இவ்வாறு மாற்றினால் ஆட்டக்காரர் யாரை நம்புவது?

2015 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட கொழும்புத் துறைமுக நகரத் திட்டம் 2016 இல் மீண்டும் தொடங்கியது. நட்டஈடு கோரிப் பேரம்பேசும் பலம் அந்தச் சீன நிறுவனத்துக்கு இருந்தது. வைத்தியசாலைக்கு மரக்கறியும் பாடசாலைக்குத் தளபாடமும் வழங்கும் வவுனியா, சம்மாந்துறைச் சிறு வர்த்தகருக்கு அது ஏது? அமைச்சுகள் பிரிக்கப்பட்டு இணைக்கப்படுகையில், அவரது நிலுவையைப் பொறுப்பேற்பது எந்த அமைச்சு என்பதே தெளிவற்றுப்போகிறது. வங்கி வட்டியோ ஏறிக்கொண்டேயிருக்கும். பொறுப்பேற்கும் ஒவ்வொரு அமைச்சும் முதல் மாதத்திலேயே முன்னைய நிலுவைப் பட்டியலைப் பகிரங்கப்படுத்த வேண்டும்.