வட்ட மேசைக்கு வந்த கறிவேப்பிலை

ஜொகூர் பாருவில் சீன நண்பர் வீட்டுக் கல்யாண விருந்துக்குப் போகாத தமிழர்கள் குறைவு. வாசலில் அங்பாவைக் கொடுத்துவிட்டு, பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையில் இடம் பிடிக்கிறோம். நம் பந்தி மாதிரி எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாற மாட்டார்கள். எட்டு, ஒன்பது வகை ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் பலவகை அடுக்கிய தட்டு, பிறகு சூப், கோழி, முழு மீன், இறால், கீரை, கடைசியில்தான் சோறோ மீயோ. "சோத்த எப்பப்பா கொண்டு வருவாங்க?" என்று கேட்காத பாட்டி நம்மில் உண்டா? வந்தவர் சோற்றிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளக் கூடாது என்பது அவர்களுடைய உபசாரம்.

நான் சொல்ல வந்தது இறாலைப் பற்றி. வெண்ணெயில் புரட்டிய இறால். அதன்மேல் நூல் நூலாகப் பொரிந்த முட்டை, நறுக்கிய சில்லி பாடி, நடுநடுவே மொறுமொறுவென்று கறிவேப்பிலை! அடுத்து நண்டோ மட்டியோ வந்தால் அது 'கம் ஹியோங்' ஆக இருக்கலாம். கன்டனீஸ் மொழியில் 'தங்க மணம்' என்று பொருள். அந்த மணத்தைத் தருபவை காய்ந்த இறாலும், கறித்தூளும், மறுபடியும் நம் கறிவேப்பிலையும்தான். இவர்களுடைய முன்னோர்கள் புறப்பட்டு வந்த தென்சீனத்தின் பழைய சமையலில் இந்த இலைக்கு இடமே கிடையாது.

இன்றைய உணவகங்கள் இதற்கு 'ஃபியூஷன்' என்று பெயர் வைத்து விலையையும் ஏற்றுகின்றன. ஏதோ நட்சத்திர ஹோட்டல் சமையல்காரர் நேற்று கண்டுபிடித்ததுபோல! ஆனால் இந்தக் கதை காட்டில் தொடங்குகிறது.

1844-இல் தெமெங்கோங் இப்ராஹிம் ஜொகூரின் ஆற்றங்கரைகளைச் சீனர்களுக்குத் திறந்துவிட்டார். 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுப் பத்திரம் பெற்றவர் 'காங்சு' ஆனார். வந்தவர்களில் பெரும்பாலோர் தியோசியூ மக்கள். அவர்கள் மிளகும் காம்பிரும் பயிரிட்டார்கள். காம்பிர் என்பது நம் காசுக்கட்டிக்குத் தங்கை மாதிரி. தோல் பதனிடவும், வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்டது. அதைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்காகக் காடு அழிந்தது, மண்ணும் சோர்ந்தது. பிறகு ரப்பர் வந்தது. ரப்பரோடு கங்காணிகள் திரட்டி வந்த நம்மவர்களும் வந்தார்கள். 1909-இல் ரயில் பாதை ஜொகூர் பாருவைத் தொட்டது. 1917-இல் காங்சு முறை ஒழிக்கப்பட்டது.

பால்மரக் காட்டில் நம் லயங்கள். பக்கத்தில் சீனர் மளிகைக் கடை. கடன் புத்தகத்தில் எழுதி அரிசி, கருவாடு, மிளகாய் வாங்கிய தலைமுறை அது. லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும். தாளிக்கிற வாசனைக்கு வேலி போட முடியுமா? இரு சமூகமும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கிய ஊரில், நம் இலை சீனர் வாணலிக்குள் போனதற்குத் தனியாக ஒரு மேதை தேவைப்படவில்லை.

ஆனால் நகரத்துக்குள் நடந்து பாருங்கள். இஸ்தானா பெசாரைக் கட்டிய சீனக் குத்தகைதாரர் பெயரில் ஜாலான் வோங் ஆ ஃபூக். தியோசியூ தலைவர் பெயரில் ஜாலான் தான் ஹியோக் நீ. அதையொட்டி ஜாலான் டோபி. இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் இருந்த தெரு. சீனருக்குப் பெயர் எழுதியிருக்கிறார்கள், நமக்குத் தொழிலை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. காரியம் முடிந்ததும் கறிவேப்பிலைபோலத் தூக்கி எறிந்தார்கள் என்பது தோட்டத் துண்டாடல் காலத்திலிருந்தே நம் மேடைகளில் கேட்கும் பேச்சு. அந்தத் துண்டாடலைச் சமாளிக்கத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், நாம் இலை ஓரத்தில் ஒதுக்கும் கறிவேப்பிலையைச் சீனர்கள் பொரித்து, மென்று தின்கிறார்கள்.

பெயர் பதிவான ஒரு கதையும் இருக்கிறது. கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் சோஃபியா சாலையில், 1949-இல் கேரளத்துக்காரர் எம். ஜே. கோமஸ் உணவகம் நடத்தினார். சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கண்டு, அதையே நம் பக்கத்துக் குழம்பில் போட்டார். பிறந்தது மீன் தலைக் கறி. பிறகு சீனச் சமையல்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு தவ்ஃபூத் தோலும் முட்டைக்கோசும் சேர்த்தார்கள்.

கல்யாணப் பத்திரிகை வராதவர்கள் ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் உள்ள கம் லோங் கடைக்குப் போகலாம். அதே மீன் தலைக் கறிதான். வரிசை நீளமாக இருக்கும், கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். குழம்பில் வெண்டைக்காயும் கிடக்கும். சோறு இங்கே கடைசி வரை காத்திருக்க வைக்காது, குழம்போடு கூடவே வந்துவிடும்.